குறைமாதக் குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பிரசவ வார்டுக்கும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் நடுவே உள்ள வராண்டாவில் அம்மாக்களும் பாட்டிகளும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் உணவு ஆலோசகர், டாக்டர் அல்ல. உங்கள் குழந்தைக்கு எத்தனை மில்லி, எந்த மருந்து என்பதை அங்கே பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, அதை நம் வீட்டுச் சமையலறையில் எப்படிப் புரிந்துகொள்வது என்பது மட்டும்தான் இங்கே.

எத்தனை வாரத்தில் பிறந்தால் குறைமாதம்? "ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் பிழைக்காது" என்கிறார்களே?

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். அதிலும் 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், 28 வாரத்துக்கு முன் என்றால் இன்னும் அதிகம். எட்டாம் மாதக் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். அதில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவில். நீங்கள் தனி ஆள் இல்லை.

நான் ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் இப்படி ஆனதா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் அம்மாவின் வாயிலிருந்து வருவதில்லை. பக்கத்தில் நிற்கும் யாரோ சொன்னதை அவர் திருப்பிச் சொல்வார். பதில்: இல்லை. பனிக்குடம் முன்பே உடைவது, தொற்று, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, கர்ப்பப்பை வாய் பலவீனம், முதல் பிரசவத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி இல்லாதது என்று பல காரணங்கள் உண்டு. ஏராளமான குறைப்பிரசவங்களில் காரணமே பிடிபடுவதில்லை. கடுமையான ரத்தசோகையும் மிகக் குறைந்த உடல் எடையும் ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் "அன்னைக்கு நீ மதியம் சாப்பிடலை, அதான்" என்று ஒரு நாளைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் பேசக் கூடாது. பேசினால் நீங்களே அவர்களை வராண்டாவுக்கு வெளியே அனுப்பிவிடலாம்.

தாய்ப்பால், தாய்ப்பால் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? பவுடர் பாலில் சத்து அதிகம்தானே?

பவுடர் பாலில் குழந்தையின் எடை கொஞ்சம் வேகமாக ஏறும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் முழுதாக முதிரவில்லை. அதற்கு வரும் பெரிய ஆபத்து, குடல் திசு வீங்கி அழியும் 'நெக்' என்ற நோய். அறுவை சிகிச்சை வரை போகும், சில சமயம் உயிரையே வாங்கும். இங்கிலாந்தில் ஆலன் லூகாஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், பவுடர் பால் மட்டுமே குடித்த குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக இந்த நோய் வந்திருந்தது. அதற்குப் பிறகு மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஆனால் பவுடர் பாலில் இந்த ஆபத்து கூடுதல் என்ற முடிவு மாறவில்லை. அதனால்தான் சிஸ்டர்கள் இரண்டு மில்லி சீம்பாலுக்குக்கூட உங்களைத் தேடி வருகிறார்கள்.

எனக்குப் பாலே வரவில்லை. என்ன செய்வது?

முதல் இரண்டு நாள் பால் 'வராது', சொட்டும். அந்தச் சொட்டுதான் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும் சீம்பால். அப்போது பம்ப்பை வைத்தால் பால் பம்ப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும். கையால் பீய்ச்சுவதுதான் நல்லது. கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வைத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில், முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, அப்புறம் விரல்களை ஒன்றையொன்று நோக்கிச் சேர்க்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலி மட்டும்தான் மிஞ்சும். வரும் சொட்டை ஊசி போடாத சிறிய சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக் கொடுங்கள். அரை மில்லி இருந்தாலும் வெட்கப்படாதீர்கள்.

பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை, ராத்திரி ஒரு தடவையாவது. பால் சுரப்பது எவ்வளவு அடிக்கடி மார்பு காலியாகிறது என்பதைப் பொறுத்தது. பாதாம் பாலும் பூண்டுக் குழம்பும் அதற்கு அப்புறம்தான். பூண்டு சாப்பிடுங்கள், தப்பே இல்லை. ஆனால் நாலு தடவை பீய்ச்சிவிட்டுப் பத்துப் பல் பூண்டு தின்றால் கணக்கு சரியாகாது. குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த உடனே பீய்ச்சினால் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று பல அம்மாக்கள் சொல்வார்கள்.

மூக்கில் டியூப் வைத்து ஏன் பால் கொடுக்கிறார்கள்? பாட்டில் வாங்கித் தரட்டுமா?

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறமை 32 முதல் 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். அதற்கு முன் வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். திறமை வர வர, நம் ஊர் வழக்கப்படி பாலாடையில் கொடுக்கப் பழக்குவார்கள். அந்தச் சின்ன மூக்குக் கிண்ணம்தான், நம் பாட்டிகள் சங்கு என்றும் சொல்வார்கள். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது சுலபம். பாட்டில் வேண்டாம்.

வீட்டிலிருந்து பால் கொண்டுவரலாமா? சென்னை வெயிலில் கெடாதா?

பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. சென்னையில் 25 டிகிரி மார்கழி விடியற்காலையில் கிடைக்கலாம். சித்திரையில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், பீய்ச்சிய கையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். கதவில் அல்ல, உள்ளே பின்பக்கம். வேளச்சேரியிலிருந்து எழும்பூருக்கு வருவதென்றால் ஐஸ் கட்டிப் பை போட்ட சிறிய பெட்டியில் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் அம்மாவின் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்வார்கள் என்பதில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விதி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பாலை அடுப்பில் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை வைத்தால் போதும்.

தாய்ப்பாலே போதும் என்றார்கள். இப்போது அதில் ஒரு பவுடரைக் கலக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

நியாயமான சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.2 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 160 மில்லி என்றால் 192 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் வேளைக்கு 16 மில்லி. 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 67 கலோரி இருக்கும், ஆக அந்தக் குழந்தைக்குக் கிலோவுக்கு 107 கலோரி கிடைக்கிறது. ஐரோப்பியக் குழந்தை மருத்துவ அமைப்பு ஒன்று 2022-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி தேவையோ 115 முதல் 140. புரதத்தில் பள்ளம் இன்னும் பெரிது. பிரசவமாகிச் சில வாரம் ஆன பாலில் 100 மில்லிக்கு 1.2 கிராம்போலத்தான் புரதம் இருக்கும். குழந்தைக்குக் கிலோவுக்கு 2 கிராம்கூட வராது, வேண்டியது 3.5 முதல் 4 கிராம். கால்சியம், பாஸ்பரஸ் கதையும் இதுதான். கடைசி மூன்று மாதத்தில் தொப்புள்கொடி வழியாகக் கொட்டியிருக்க வேண்டியதை இப்போது இந்த 16 மில்லிக்குள் அடக்க வேண்டியிருக்கிறது.

அதற்குத்தான் 'ஃபோர்ட்டிஃபையர்' என்ற பாக்கெட். 32 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 1.5 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் சொன்னது. இது உங்கள் பாலுக்குப் பதில் அல்ல, உங்கள் பாலோடு சேர்ப்பது. எல்லாக் குழந்தைக்கும் தேவையும் இல்லை. 35 வாரத்தில் 2.2 கிலோவோடு பிறந்து நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு யாராவது எழுதித் தந்தால் "ஏன்?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

பாலின் அளவை ஏன் இவ்வளவு மெதுவாகக் கூட்டுகிறார்கள்?

வேகமாகக் கூட்டினால் குடல் நோய் வரும் என்ற பயம் நெடுநாளாக இருந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்குக் கிலோவுக்கு 18 மில்லி கூட்டியவர்களுக்கும் 30 மில்லி கூட்டியவர்களுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே சற்று வேகமாகக் கூட்டுகிறார்கள் என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டியதில்லை. வயிறு உப்புசம், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் நிறுத்தத்தான் வேண்டும்.

எடை தினம் எவ்வளவு ஏற வேண்டும்?

முதலில் குறையும். பிறந்த எடையைத் திரும்பத் தொட 10 முதல் 14 நாள் ஆகலாம். அதற்கு அப்புறம் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம். பக்கத்துத் தொட்டில் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். அது எந்த வாரத்தில் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

தாய்ப்பால் வங்கியில் வாங்கலாமா? ஆன்லைனில் விற்கிறார்களாமே?

வங்கிப் பால் நல்லது, விலைக்கு வாங்கும் பால் வேண்டவே வேண்டாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு, சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இருக்கிறது. கொடுக்கும் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி இல்லை என்று பார்த்து, உறைய வைத்துத் தருவார்கள். இதில் காசுக்கு இடமில்லை. தாய்ப்பாலை வியாபாரம் செய்யக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் திட்டவட்டமாகச் சொன்னது. அதையொட்டி மாதவரத்தில் பாட்டிலில் அடைத்து விற்ற ஒரு கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்ததும் செய்தியில் வந்தது.

வங்கிப் பாலால் என்ன பயன் என்பதையும் மிகைப்படுத்த வேண்டாம். அமெரிக்காவில் 483 மிகச் சிறிய குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியில் வங்கிப் பாலுக்கும் குறைமாதப் பவுடர் பாலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் குடல் நோய் பவுடர் பாலில் 9 சதவீதம், வங்கிப் பாலில் 4.2 சதவீதம். எனக்கு அந்த ஒரு காரணமே போதும். எடை சற்று மெதுவாக ஏறும், அதைச் சமாளிக்கலாம்.

நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதற்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கங்காரு பராமரிப்பு கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்த முறை. இப்போது அது ஏழைக்கான மாற்று வழி அல்ல. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்த உடனேயே அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து வைத்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், உடல் நிலைப்பட்ட பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அணைத்திருக்கும் குழந்தைக்கு உடல் சூடு காக்கக் கலோரி வீணாகாது, அம்மாவுக்கும் பால் சுரப்பு கூடும். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் அதைவிடக் கூடுதலாக. அப்பா, பாட்டி யார் வேண்டுமானாலும் செய்யலாம். சென்னைப் புழுக்கத்தில் வியர்க்கும், அதற்காக விடாதீர்கள்.

ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள்) சொட்டு மருந்து வாங்கலாமா?

நீங்களாக வாங்காதீர்கள். ஒடிசாவில் 4,556 குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவர்கள் 2 கிலோவுக்கு மேற்பட்ட, 35 வாரம் தாண்டிய குழந்தைகள். 1 கிலோ குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குறைமாதக் குழந்தைகளுக்கு இது ரத்தத் தொற்றாக மாறக்கூடும் என்று எச்சரித்தது. டாக்டர் முடிவு.

சேனை வைக்கலாமா? உரை மருந்து, கிரைப் வாட்டர்?

சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேனில் உள்ள ஒரு கிருமி ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். மாமனார் மனம் கோணும் என்றால், சேனைக்கு உங்கள் சீம்பாலில் ஒரு சொட்டை அவர் விரலால் அல்லாமல் பாலாடையால் வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றால் மட்டும்.

பத்தியம் இருக்க வேண்டுமா? தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்குமாமே?

பெருக்காது. பால் கொடுக்கும் அம்மாவுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. வெறும் ரசம் சாதமும் அப்பளமும் அதை எட்டாது. பருப்பு, முட்டை, மீன், கீரை, தயிர் எல்லாம் சாப்பிடலாம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். பிரசவ லேகியம் ஆசைக்கு ஒரு உருண்டை என்றால் பரவாயில்லை. சர்க்கரை நோய் இருந்தால் அதில் உள்ள வெல்லத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பால்சுறா புட்டு? சின்னச் சுறா எப்போதாவது சரி. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், தினம் வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. மாதுளை, பீட்ரூட், பேரீச்சை போதாதா?

போதாது. மாதுளையிலும் பீட்ரூட்டிலும் சிவப்புதான் இருக்கிறது, இரும்பு 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் என்றாலே அந்தக் கணக்கில் நீங்கள் வந்துவிடுவீர்கள். நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் என்பது அரசுத் திட்டம்.

எரிச்சல் இருந்தால் ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள். எலுமிச்சை ஜூஸ் அல்லது நெல்லிக்காயுடன் நன்றாக உடம்பில் சேரும். ஃபில்டர் காபியோடு மட்டும் போடாதீர்கள். காபி, டீயும் இரும்பும் எதிரிகள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கால்சியம் மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். எட்டாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8 என்று வந்தால் அப்போது மாத்திரையை நம்பிக் காத்திருக்க நேரமில்லை. ஊசி வழியாக இரும்பு ஏற்றுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கால்சியம் மாத்திரை எத்தனை போட வேண்டும்?

இதற்குப் பதில் பெங்களூரிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் வந்தது. இரண்டு இடங்களிலும் தலா 11,000 கர்ப்பிணிகள் சேர்ந்த ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. நாளுக்கு 500 மில்லிகிராம், 1,500 மில்லிகிராம் என்ற இரண்டு அளவும் கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுப்பதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. பெரிய மாத்திரை மூன்றை விழுங்க முடியாமல் மொத்தமாக விட்டுவிடும் பெண்களுக்கு இது நல்ல செய்தி. ஆனாலும் நம் அரசுத் திட்டத்தில் இரண்டு வேளை 500 என்று தருவார்கள், டாக்டர் சொன்னபடி போடுங்கள். கூடவே கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். காலையில் கேழ்வரகு தோசை, மதியம் தயிர் என்றால் நல்ல ஆரம்பம்.

மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் குறைப்பிரசவத்தைத் தடுக்கலாமா?

2018-ல் 70 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 எடுத்தவர்களில் 34 வாரத்துக்கு முன் பிறப்பது 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்திருந்தது. அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் அந்தப் பலன் தென்படவில்லை. ஏற்கெனவே மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரை கூடுதலாக ஏதும் தராமல் போகலாம் என்பது ஒரு விளக்கம். காசிமேட்டில் மத்தியும் நெத்திலியும் வாங்கும் வீட்டில் நான் மாத்திரையை வற்புறுத்த மாட்டேன்.

குறைவாகச் சாப்பிட்டால் குழந்தை சின்னதாக இருந்து சுகப்பிரசவம் ஆகுமா? இல்லை இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டுமா?

இரண்டும் தப்பு. கூடுதலாக வேண்டியது நாளுக்குச் சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் கிட்டத்தட்ட முடிந்தது. புரதம் கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதல். பட்டினி கிடந்தால் குழந்தையின் தலை சின்னதாவதில்லை, சத்துதான் குறையும். புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கண்டது இன்னும் யோசிக்க வைக்கும்: நம் குழந்தைகள் எடையில் குறைவாகப் பிறந்தாலும் தசை குறைவாக, கொழுப்பு ஒப்பீட்டில் அதிகமாகப் பிறக்கின்றன. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு அது ஒரு வாசல்.

சர்க்கரை என்றதும் ஒன்று. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்ளும் எளிய சோதனையை இந்தியாவில் பரப்பியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதுதான் அதன் வசதி. பஸ் பிடித்து வரும் பெண்ணை "சாப்பிட்டுட்டு வந்துட்டியா, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

பப்பாளி? குங்குமப்பூ?

பழுத்த பப்பாளி பரவாயில்லை, காய் வேண்டாம். அதன் பால் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது எலிகளிடம் கண்டது. குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காசுக்கு ஒரு மாதம் முட்டை வாங்கலாம்.

அரசு உதவி என்ன கிடைக்கும்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய். அதில் 14,000 வங்கிக் கணக்கில் தவணையாக வரும். மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிவு செய்து எண் வாங்குங்கள். அங்கன்வாடியில் சத்து மாவும் உண்டு. பெட்டகத்தில் வரும் ஹெல்த் மிக்ஸும் பேரீச்சையும் கர்ப்பிணிக்கு. வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கு போடாதீர்கள்.

குறைமாதக் குழந்தைக்குக் கூழ் எப்போது தொடங்கலாம்?

பிறந்த தேதியை வைத்து அல்ல, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிட்ட வயதில், சுமார் ஆறு மாதம். 32 வாரத்தில் பிறந்ததென்றால் இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். தலை நிற்க வேண்டும், சாய்த்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து அதற்கு வெகு முன்பே, பிறந்த சில வாரத்திலேயே தொடங்கியிருப்பார்கள், அதை நிறுத்தாதீர்கள்.

அடுத்த குழந்தைக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும்?

பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 24 மாதம் கழித்துக் கருத்தரிப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முயற்சி செய்யும் முன்பே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தொடங்குங்கள், ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் முதல் நாளே "முதல் குழந்தை இத்தனை வாரத்தில் பிறந்தது" என்று சொல்லி, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் காட்டுங்கள்.